அக்கா அடித்தால்தான் மணி

நேரம் தவறாதவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. என் மருமகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால் ஆறு ஐம்பத்தைந்துக்கே காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். தங்கமான மனிதர்தான், யாரையும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஆனாலும் அந்த ஹாரன் சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிவேன். "ஏம்மா, அஞ்சு நிமிஷத்துக்கா இவ்ளோ கோவம்?" என்பாள் மகள். தங்கா பத்துவில் வீடு கட்டிக் குடியிருக்கிற அவளுக்கு ஐந்து நிமிஷம் என்பது ஐந்து நிமிஷம்தான். எனக்கு அப்படியில்லை. அந்த ஐந்து நிமிஷத்தைத் தினமும் எனக்காகப் பிடித்து நிறுத்தி வைத்த ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் மணியக்கா. பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரி மதர் அவரை ஆயா என்பார். டவுன் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் மணிக்கிழவி என்பார்கள்; அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. கறுத்து ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருந்ததால் அவர் கோபித்துக்கொண்டாலும் சிரிப்பது போலத்தான் இருக்கும். மணி அடிப்பது, வகுப்பு கூட்டுவது, கோவில் மெழுகுவத்தியைச் சுரண்டுவது, எங்களுக்கு மூக்குத் துடைப்பது எல்லாம் அவர் வேலை.

ஜப்பான்காரன் போன பிறகு, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. செலண்டாருக்கும் நியாலாஸுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ரப்பர் எஸ்டேட்; ரப்பரை நாங்கள் கித்தா என்போம். லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி போட்டிருந்தார்கள். சாயங்காலம் பூட்டிய கேட்டைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு யாரும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். முதலில் பால் வெட்டுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய வாளி, தலைத்துணி, மடி எல்லாம் பார்த்து முடிந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளான நாங்கள் பதினேழு பேர். பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு எஸ்டேட் லாரியின் பின்னால் ஏறுவோம். ரோட்டில் இன்னொரு தடுப்பில் மறுபடி இறங்க வேண்டும். டவுனில் மாதா கோவிலை ஒட்டி இருந்த அந்த ஆரம்பப் பள்ளிக்கு மணி ஏழரைக்கு. எங்கள் லாரி ஏழரைக்கு வந்து நின்ற நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாங்களெல்லாம் மாரியம்மன் கோவில் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளைகள். எஸ்டேட்டில் இருந்த நான்கு கிறிஸ்துவக் குடும்பங்களுக்குப் பூசை வைக்க வந்த சாமியார்தான் எங்களையும் பார்த்து இரக்கப்பட்டு, அந்த இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி மதரிடம் கேட்டார். மதர் சம்மதித்தார், ஆனால் இரண்டு சட்டம் போட்டார். ஒரு பள்ளித் தவணைக்குள் மூன்று நாள் மணி அடித்த பிறகு வந்தால் இடம் போய்விடும். வருஷத்தின் முதல் நாள் மணி அடிக்கும்போது வரிசையில் நிற்காதவர்களின் பெயர் புதுப் பதிவேட்டில் ஏறவே ஏறாது. இடத்துக்காக டவுன்காரர்கள் வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள். எங்களுக்கோ அந்தப் பள்ளி போனால் பால்மரம்தான். ஒன்பது வயதில் எனக்கு இது நன்றாகத் தெரியும். என் அப்பா அதைச் சொல்லாத நாள் கிடையாது.

மணியக்காவுக்கும் தெரியும். அதனால் எங்கள் லாரி வராமல் அவர் மணி அடிக்க மாட்டார். லாரியின் பின்பலகை தடாலென்று விழும். நாங்கள் ஒவ்வொருவராகக் குதிப்போம். அக்கா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணுவார். பதினேழாவது தலை கேட்டுக்குள் வந்த பிறகுதான் கை அசையும். அவசரப்பட்டு யாராவது விழுந்து எழுந்தால், "மணி ஓடிப் போயிடாது லா, நீ மெதுவா எறங்கு" என்பார்.

டவுன் அம்மா ஒருத்தி, கையில் தங்கக் கைக்கடிகாரம் கட்டியவள், ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "மணி ஏழே முக்கால் ஆச்சே, இன்னும் மணி அடிக்கலயா?"

"ஏழே முக்கால் உங்க கையில ஆயிருக்கும்மா. இங்க நான் அடிச்சாத்தான் மணி."

தமிழில் மணி என்றால் இரண்டுக்கும் அதுதான். அக்கா அந்த இரண்டில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

மதர் எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். அந்நேரத்தில் மதர் கோவிலில் முழங்காலில் இருப்பார். மணிச்சத்தம் கேட்டுத்தான் எழுந்து வருவார். அவருக்கு அந்த மணியின் மேல் அவ்வளவு விசுவாசம். "மணி, சாமி குரல்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்குச் சொல்வார். மணி அடிக்காமல் பள்ளி தொடங்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். டீச்சர்மார்களுக்கு விஷயம் தெரியும். பேசிக்கொண்டிருக்கக் கூடுதலாகப் பத்து நிமிஷம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

சாமி குரல் ரொம்பத் தாமதமானால் மட்டும் மதர் பின்வாசல் வழியாக எட்டிப் பார்ப்பார். அதற்கும் அக்காவிடம் பதில் இருக்கும். கயிறு சிக்கிக்கொண்டது மதர். குளவி கூடு கட்டியிருக்கிறது மதர், பிள்ளைகளைக் கொட்டிவிடும். ஒருமுறை கழுத்துச் சுளுக்கிவிட்டது என்று தலையைச் சாய்த்துக்கொண்டே அரை நாள் திரிந்தார். பொய் சொல்வது பாவம் என்று எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வராந்தாவில்தான் இதெல்லாம் நடந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அவர் எதைச் சொல்வார், எதை விடுவார் என்று நாங்கள் பேசிச் சிரிப்போம்.

ஆனால் அக்காவுக்கு நிமிஷக் கணக்குச் சுத்தமாகத் தெரியும். மணிக்கூண்டின் கீழே நின்றால் ஜன்னல் வழியாக மதர் அறையின் சுவர்க்கடிகாரம் தெரியும். ஒருநாள் காய்ச்சல் வந்து நான் வீட்டுக்குப் போக லாரிக்காகக் காத்திருந்தேன். அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "பத்து முப்பத்தெட்டு. உன் லாரி இப்பத்தான் கடையில அரிசி மூட்டை ஏத்தும். நாப்பத்தாறுக்கு வந்துரும், பாரு" என்றார். நாற்பத்தாறுக்கு வந்தது. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, "புள்ள, என் வீட்டுக்காரரு தம்பின் ரயில் ஸ்டேஷன்ல கொடி காட்டினவரு. எங்க வீட்டுல சோறு வேகுறதே ரயில் கணக்குலதான்" என்றார்.

"இப்ப எங்க அவரு?"

"ஜப்பான்காரன் லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். சயாமுக்கு, ரயில் ரோடு போட." சுரூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். "லாரியில ஏறுனவங்க கண் முன்னால எறங்குற வரைக்கும் எனக்கு உசுரு நெலையில நிக்காது."

லாரியில் ஏற்றிவிடும்போது என் தலையை ஒருமுறை தொட்டு எண்ணினார், நான் ஒருத்திதான் ஏறினேன் என்றாலும்.

நான் இரண்டு வருஷம் முடித்து மூன்றாம் வருஷம் தொடங்கிய ஜனவரி அது. புதுப் பள்ளி வருஷத்தின் முதல் நாள். கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பள்ளி வராந்தாவில் பிரிக்கப்படாமல் இருந்தது. முதல் நாள் என்பதால் புதுக் கவுன், புதுப் பை. கூடவே எனக்கு ஒரு பிடிவாதமும் வந்துவிட்டது. தினமும் கேட்டில் அனுமதித்த ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கையே அவித்துக் கொண்டுபோய்க் கொண்டுபோய் நாக்கு செத்துவிட்டது, இன்றைக்கு எனக்குச் சோறுதான் வேண்டும் என்று அழுதேன். கம்பிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். பெற்ற மனசு கேட்கவில்லை. ஒரு கை தயிர்ச்சோற்றை வாழையிலையில் மடித்துப் பையின் அடியில் புத்தகத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெட்டுக்குப் போய்விட்டார்.

கேட்டில் பையைக் கவிழ்த்ததும் பொட்டலம் மண்ணில் விழுந்து பிரிந்தது. அவ்வளவுதான். லாரியை நிறுத்தினார்கள். அம்மாவை வெட்டுக் காட்டிலிருந்து கூட்டி வர ஆள் போனது. எஸ்டேட் கணக்கு பார்க்கும் கிராணி வந்தார். அம்மா கும்பிட்டபடி நின்றார். "சின்னப் புள்ளைங்க சோறு, அதுவும் தயிர் ஊத்துனது. எவனுக்குப் போவப் போவுது?" என்று கிராணி கெஞ்சி, எழுதிக் கொடுத்து, எங்களை விடுவித்தபோது வெயில் ஏறிவிட்டது. லாரியில் மற்றவர்கள் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லாரும் மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பதினேழு பெயரும் இந்நேரம் போயிருக்கும், என் ஒரு கைச் சோற்றினால்.

லாரி பள்ளிக்கு முன்னால் நின்றபோது பார்த்த காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இருநூறு பிள்ளைகளும் புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். டீச்சர்கள் குனிந்து செடிகளை விலக்கிக்கொண்டிருந்தார்கள். மதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியின் நாக்கைக் காணோமாம். ராத்திரி கழன்று எங்கோ விழுந்துவிட்டதாம்.

மணியக்கா மட்டும் தேடவில்லை. கேட்டருகே நின்று எங்களை எண்ணினார். பதினேழு முடிந்ததும் நேராக வராந்தாவுக்குப் போய், குடிலில் கழுதைக்குப் பின்னால் வைக்கோலுக்குள் கையைவிட்டு அந்த இரும்பு நாக்கை எடுத்துச் சேலையில் துடைத்தார். "கெடச்சிருச்சு மதர்! அந்தோனியாரு காட்டிக் குடுத்துட்டாரு!" என்று ஒரு குரல் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எட்டேகாலுக்கு ஏழரை மணி அடித்தது. எங்கள் பதினேழு பெயரும் புதுப் பதிவேட்டில் ஏறின.

இத்தோடு முடிந்திருந்தால் இது சிரித்துச் சொல்லும் கதையாக இருந்திருக்கும்.

மைதானத்துக்கு எதிர்ப்புறம் போலீஸ் முகாம் இருந்தது. மூன்றாம் நாள் காலை அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், கூடவே ஒரு தமிழ்க் கிளார்க்கை அழைத்துக்கொண்டு வந்தார். கரும்பலகைத் துணியை நனைக்க நான் வராந்தாக் குழாயடிக்குப் போயிருந்தேன். மதர் நின்றார், அக்கா நின்றார். இன்ஸ்பெக்டர் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அதில் எங்கள் மணி அடித்த நேரமெல்லாம் எழுதியிருந்தது. ஒருநாள் ஏழு முப்பத்தாறு, ஒருநாள் ஏழு ஐம்பது, திங்கள்கிழமை எட்டேகால். இந்த மணி காட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்ன சேதி சொல்கிறது என்று கிளார்க் அக்காவிடம் கேட்டார்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டுக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அக்கா உண்மையைச் சொல்லிவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. எஸ்டேட் லாரிக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி. ஆனால் அதை மதர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருஷமாக நாங்கள் தினமும் தாமதம் என்பதும், புதுப் பதிவேட்டில் எங்கள் பெயர் ஏறியது எப்படி என்பதும் அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிடும்.

அக்கா தலையைச் சொறிந்தார். "கோவில் சிலுவை நெழலு படிக்கட்டுக்கு வந்தா அடிப்பேன், ஐயா. மழ மேகம்னா நெழலு இருக்காதுங்களே."

இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். இப்போது மணி என்ன? அக்கா அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சுற்றிலும் பார்த்தார். குழாயடியில் நான் நின்றேன். கிளார்க் என் பக்கம் திரும்பினார்.

"ஏய் பாப்பா, மணி பாக்கத் தெரியுமா இந்தம்மாவுக்கு?"

எஸ்டேட்டில் அந்த வருஷங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அடுத்தபடியாக ஒரு சொல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காக்கி போட்டவன் கேட்டாலும் சரி, காட்டிலிருந்து வந்தவன் கேட்டாலும் சரி, எது கேட்டாலும் சரி, அந்த ஒரு சொல். அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"தெரியாது."

எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். என்னை விட்டுவிடுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். கிளார்க் இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்: அவளுக்குத் தெரியாதாம், சார். இரண்டு வருஷ இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. அக்கா மணியைப் பிடித்து நிறுத்தி எனக்கு வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, தப்பு என்றும் புரிந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். ஈரப் படியில் ஓடாதே என்பதற்கு எப்போதும் லேசாகத் தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். மூடிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தை மூடினார். மணி பார்க்கத் தெரியாத பெண்ணை நம்பியா பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள் என்று மதரிடம் கேட்டார். மதர் முகம் சிவந்துவிட்டது. மதர் பொல்லாதவர் இல்லை. அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுத்ததாகக்கூடக் கேள்வி. ஆனால் மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. மணிக்கூண்டுத் தூணில் ஒரு புதுக் கடிகாரம் மாட்டப்படும், அதைப் பார்த்து அடிக்கத் தெரிந்த ஓர் ஆள் நாளை வருவார்.

பள்ளி விட்டு லாரிக்கு நின்றபோது அக்கா ஒரு தகரப் பெட்டியோடு கேட்டருகே வந்தார். நான் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லலக்கா."

"நல்லாத்தான் சொன்னே. இனிமே யாரு கேட்டாலும் அதையே சொல்லு." என் மூக்கைத் துடைத்துவிட்டார். "லாரிக்கார அண்ணன்கிட்ட சொல்லு. நாளையிலேர்ந்து ஏழு இருவத்தஞ்சுக்குள்ள இங்க நிக்கணும். ஏழு இருவத்தஞ்சு. மறந்துறாதே."

பிறகு பழக்கம் விடாமல் மதர் அறை ஜன்னலை எட்டிப் பார்த்தார். "ஒண்ணு பத்து. உன் லாரி பாலம் தாண்டிருச்சு" என்றார். லாரி வந்தது. நாங்கள் ஏறும்போது எண்ணினார். பின்பலகையை மாட்டும்வரை நின்றார். லாரி திரும்பும்போது பார்த்தேன், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபக்கம் நடந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் நான் அவரைப் பார்த்தது.

தம்பினில் இருக்கிறார் என்றார்கள். சிரம்பானில் ஒரு சாமியார் வீட்டில் சமைக்கிறார் என்றார்கள். நான் பெரியவளாகி நர்ஸ் வேலைக்குப் போன பிறகு எத்தனையோ மாதா திருநாள் கூட்டத்தில், முன்பல் தூக்கிய ஒரு முகத்தைத் தேடியிருக்கிறேன். பெயர் தெரியாத ஆளை என்னவென்று விசாரிப்பது? மணியக்கா என்றால் எல்லாரும் மணிமேகலையா, மணியம்மாளா என்றுதான் கேட்டார்கள். ஒருமுறை பார்த்திருந்தால் போதும். காலில் விழ வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவரோடு நின்று ஒரு லாரி வரும்வரை காத்திருந்தால் போதும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தத் தவணையில் எங்கள் லாரியில், டவுனில் தங்க வீடு கிடைக்காத ஆறு பேர் இடம் இழந்தார்கள். என்னை அப்பா டவுனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டதால் நான் தப்பினேன். ஆறு பேரில், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த இரண்டு பேர் பின்னாளில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே வந்து, கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை நீட்டினார்கள்.

அக்கா போன மறுநாள் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஏழு இருபத்தைந்து என்று நான் சொன்னதும் லாரிக்கார அண்ணன், "கேட்ட தொறக்கறது நானா?" என்றார். ஆனாலும் முடிந்தவரை விரட்டினார். சீனன் கோப்பிக்கடை வளைவில் திரும்பும்போது, கித்தா மரங்களுக்கு அப்பாலிருந்து மெல்லிதாக ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். இரண்டு வருஷம் அந்தப் பள்ளியில் படித்திருந்தோம். அது தூரத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது அடிக்கும்போதெல்லாம் நாங்கள் கேட்டுக்குள்தான் நின்றிருக்கிறோம்.

பக்கத்து லயத்துக் குட்டிப் பெண், அந்த வாரம்தான் சேர்ந்தவள், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அது நம்ப பள்ளிக்கூட மணியா?"

"தெரியாது" என்றேன்.